அமெரிக்காவில் பேண்ட் பாக்கெட்டில் சின்னத் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடுவது நிஜமாகவே பாதுகாப்பு தருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நகர்ந்து போயிருக்க வேண்டும். முடியவில்லை. ஆறு வருடம் வலது பாக்கெட்டில் அதோடு அலைந்தவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் துப்பாக்கி ரசிகனும் இல்லை, துப்பாக்கியைத் தடை செய் என்று பதாகை பிடிப்பவனும் இல்லை. இரண்டு தரப்பும் பின்னூட்டத்தில் வந்து அடிக்கும் என்று தெரியும். அடியுங்கள்.

கேள்வி கேட்டவர் டெக்சாஸ் பக்கம் புதிதாக வந்த ஐடி ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி எச்-1பி வேலை விசாவில் இருந்தால், தம்பி, இதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, அதை நம்பி நண்பன் சொன்னான் என்று இறங்கி விசாவையும் சேர்த்துத் தொலைக்காதீர்கள். கிரீன் கார்டு வந்தபின் கதை வேறு. எனக்கு அது வந்து, வேலையையும் விட்டு, ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு பெட்ரோல் பங்க்கை (இங்கே கேஸ் ஸ்டேஷன் என்பார்கள், ஆனால் விற்பது பெட்ரோல்தான்) இன்னொருவருடன் கூட்டாக எடுத்தேன்.

அங்கே ஒரு இரவு ஒருவன் கல்லாவுக்கு எதிரே நின்று என் நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி அறுநூற்றுச் சொச்சம் டாலரை எடுத்துக்கொண்டு போனான். மொத்தம் இருபது விநாடி இருக்கும். அப்புறம் மூன்று மாதம் கதவு மணி அடித்தாலே கை நடுங்கியது. அதனால்தான் வாங்கினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு என் பாக்கெட்டில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் விரல் ஏற்கனவே விசையில் இருக்கிறது, என் கை இனிமேல்தான் பாக்கெட்டுக்குள் போக வேண்டும். இதைக் கணக்குப் போடவே எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

உரிமத்துக்கு ஒருநாள் வகுப்பு. 2015ல் அதற்கு 'மறைத்து வைக்கும் உரிமம்' என்று பெயர், அடுத்த வருடமே வெளியில் தெரியும்படி இடுப்பில் தொங்கவிடவும் அனுமதி வந்து பெயர் மாறிவிட்டது. 3, 7, 15 கஜ தூரத்தில் நிற்கும் அட்டை மனிதன் மேல் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும், 70 சதவீத மதிப்பெண் எடுத்தால் பாஸ். அந்த அட்டை அசையாது, கத்தாது. நானே பாஸ் செய்தேன் என்றால் பாருங்கள்.

வகுப்பு எடுத்த பெரியவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். கில்லீன் ஊர் கதையைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். 1991 அக்டோபர் 16, லூபிஸ் என்ற உணவகத்துக்குள் ஒருவன் வண்டியோடு புகுந்து 23 பேரைக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண் அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ரிவால்வர் இருந்தது, ஆனால் மறைத்து எடுத்துப்போவது அன்றைய சட்டப்படி குற்றம் என்பதால் காரிலேயே விட்டிருந்தார். அப்பா அம்மா இரண்டு பேரையும் அன்று இழந்தார். பிறகு அவர் ஊர் ஊராகச் சாட்சி சொல்லி, 1995ல் டெக்சாஸில் உரிமச் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, மாநில சட்டமன்றத்துக்கும் போனார். அந்தக் கதையைக் கேட்டவர்கள் யாரும் வகுப்பிலிருந்து வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்கள். நானும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போய், படிவம் எழுதி, பின்னணி விசாரணை முடிந்து, வாங்கிவிட்டேன்.

வாங்கியது ரூகர் எல்சிபி. 2008ல் வந்த மாடல், காலியாக 270 கிராம்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேகசினில் (தோட்டா அடுக்கும் கூட்டில்) 6 தோட்டா, சேம்பரில் (சுடத் தயாராகக் குழாய் அடியில்) 1. தனியாக சேஃப்டி பட்டன் கிடையாது, விசையை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும் என்பதுதான் காவல். ரேஞ்சில் சுட்டுப் பழகும்போது பக்கத்தில் நின்ற ஆசாமி, "பாயிண்ட் 380 எல்லாம் கொசு அடிக்கத்தான் ஆகும்" என்று சிரித்தான். இதன் தோட்டா அளவைத்தான் சொல்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகையில் கோட்சே வைத்திருந்த பெரெட்டாவுக்கும் இதே தோட்டாதான். அதை அவனிடம் எப்படி விளக்குவது? இது எனக்கு வாங்கிய பிறகுதான் தெரிந்தது, தெரிந்த அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கும் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவே இல்லை. எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார் என்ற செய்தி வந்த அன்று தெருவே அழுததைப் பார்த்தவர் அவர், துப்பாக்கி என்றால் அவருக்கு அதுதான் ஞாபகம் வரும்.

சின்னத் துப்பாக்கி என்றால் சுடுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம், தலைகீழ். எடை குறைவு என்பதால் உதை முழுக்கக் கைக்கு வரும், ஐம்பது தோட்டா சுட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எரியும். குறி பார்க்கும் முனை கடுகு அளவு. பாக்கெட்டில் அப்படியே போடக் கூடாது, விசையை மூடும்படி உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது, ஒரு சாவி விசை வளையத்துக்குள் நுழைந்தால் போதும், தொடை போய்விடும். உறையே இல்லாமல் டிராக்சூட் இடுப்பில் செருகிக்கொண்டு நியூயார்க் கிளப்புக்குப் போன பிளாக்சிகோ பரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் 2008ல் தன் தொடையைத் தானே சுட்டுக்கொண்டு, இரண்டு வருடத் தண்டனையும் வாங்கினார். அதனால் போன், சாவி, சில்லறை எல்லாம் எனக்கு இடது பக்கம் போய்விட்டது. ஹூஸ்டன் வேர்வைக்கு வாராவாரம் துடைக்காவிட்டால் துருப்பொட்டு வரும். பாக்கெட் பஞ்சு எங்கிருந்துதான் வருமோ, குழாய்க்குள் கூடு கட்டியிருக்கும்.

சரி, இவ்வளவு கஷ்டம் ஏன் என்றால், காசு. கிரெடிட் கார்டுக்காரன் ஒவ்வொரு விற்பனையிலும் இரண்டு மூன்று சதவீதம் பிடிக்கிறான். பெட்ரோலில் எங்களுக்குக் கிடைக்கும் லாபமே அந்த அளவுதான் சில நாள். விலை ஏறினால் பங்க்காரன் கொழிக்கிறான் என்று ஜனங்கள் திட்டுவார்கள், விலை ஏற ஏற எங்களுக்கு கார்டு கட்டணம்தான் ஏறும். நம்ம ஊர்க்காரர்களே பார்ட்டியில் "என்னப்பா, பீப்பாய் விலை ஏறிடுச்சு, புது டெஸ்லாவா?" என்று கேட்டபோது வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அதனால் ரொக்கமாகத் தந்தால் விலை குறைவு என்று போர்டு வைத்தோம், ரொக்கம் சேர்ந்தது, அதை ராத்திரி வங்கிப் பெட்டியில் போட நான் போக வேண்டி வந்தது. வாரத்தில் நாலு நாள், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக வாங்கியதை மீதி நேரமெல்லாம் சுமந்தேன்.

ஆரம்பத்தில் அந்த 270 கிராம் 27 கிலோ மாதிரி இருந்தது. ஊரே என் பாக்கெட்டைப் பார்ப்பதாகத் தோன்றும். ஒரு வருடத்தில் அது போய்விட்டது. இரண்டாம் வருடம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவே மறந்தேன். பாக்கெட் துப்பாக்கியை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வதே "இருப்பதே தெரியாது" என்பதைத்தான். 2023ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலும் தோட்டா போட்ட நிலையில். அபராதம் அப்போது கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போகும். பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், மறந்துவிட்டேன். நம்புகிறேன். நானும் மறந்தவன்தான்.

2019 நவராத்திரி. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் நண்பர் வீட்டுக் கொலு. வங்கிக்குப் போய்விட்டு அப்படியே மனைவியோடு போனேன். வழக்கமான ஜீன்ஸ் இல்லை, விசேஷம் என்பதால் வழவழ துணி பேண்ட், பாக்கெட் சாய்வாக, ஆழமே இல்லாமல். (ஊரில் எங்கள் தெரு டெய்லர் தைத்தால் பாக்கெட் முழங்கால் வரை போகும். இங்கே எண்பது டாலர் பேண்ட்டில் கைக்குட்டை நிற்காது.) உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வரும் அளவுக்கு அமுங்குகிற பெரிய சோபா. சுண்டல் சாப்பிட்டேன், ஒரு அக்கா பாடியதைக் கேட்டேன், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

வீடு பேடவுன் பக்கம், ஐ-10 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். வந்து உடை மாற்றும்போதுதான் வலது பாக்கெட் காலி.

உறையோடு நழுவி சோபா இடுக்கில் விழுந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் ஐந்து வயதில் ஒரு பையன், போதாததற்குக் கொலுவுக்கு வந்த பிள்ளைகள். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோவில் ஹேடன் என்ற ஊர் வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் இருந்த துப்பாக்கியை எடுத்து அம்மாவையே சுட்டுவிட்டது, அவர் அங்கேயே இறந்தார். உரிமம் வைத்திருந்தவர், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை. அது தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடவில்லை.

போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கடைச் சாவி விழுந்துவிட்டது என்று சொன்னால் பிள்ளைகள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு சோபாவைக் கிண்டும். துப்பாக்கி என்று சொன்னால் உடனே அந்த அறையைப் பூட்டியிருப்பார்கள், அதுதான் சரி, ஆனால் அதோடு அந்த வீட்டு வாசல் எனக்கு மூடியிருக்கும். மானமா பிள்ளைகளா என்று வந்தபோது நான் மானத்தைப் பார்த்தேன். இந்தப் பதிலை நான் எழுதுவதே இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது. டெக்சாஸ் சட்டத்தில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு, அது 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் கிடைத்துவிட்டால் தனிக் குற்றம், வகுப்பில் அந்தப் பெரியவர் இரண்டு தடவை சொன்னார்.

திரும்ப ஓட்டினேன். பக்கத்தில் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. டவுன்டவுன் தாண்டும்போது, "போலீஸ் நிறுத்தினா என்ன சொல்வீங்க, துப்பாக்கியைத் தேடிப் போறேன்னா?" என்றாள். வேகத்தைக் குறைத்தேன்.

நண்பர் கதவைத் திறந்தார். கடைச் சாவி என்றேன். உள்ளே போனால் அதே சோபாவில், அதே மூலையில், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அவருடைய மாமியார் காலை மடக்கி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிர் முனையில் அந்தப் பையன் குதித்துக்கொண்டிருக்கிறான். "அம்மா, ஒரு நிமிஷம் எழுந்திருக்கிறீங்களா, சாவி விழுந்துடுச்சு" என்றேன். எழுந்தார். இடுக்கில் கை விட்டேன். ஒரு கிரேயான், பாப்கார்ன், நாலைந்து சுண்டல் கடலை, அப்புறம் உறையின் சொரசொரப்பு. உடம்பால் மறைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "கிடைச்சுதா?" என்றார் நண்பர். கிடைச்சுது என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், டம்ளரைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததால் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்றோடு நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். பொய். ஜீன்ஸ் மட்டும், வங்கிக்கு மட்டும் என்று இன்னும் இரண்டு வருடம் வைத்திருந்தேன், பயம் போகவில்லை. 2021ல் பங்க்கில் என் பங்கை விற்றேன். அந்தச் செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதாகி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமமே இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அந்த 50 தோட்டா, ஒருநாள் வகுப்பு எதுவும் கட்டாயம் இல்லை. வகுப்பை நான் கேலி செய்தேன் இல்லையா, அதுகூட இல்லாமல் இப்போது எத்தனை பாக்கெட்டுகள் எத்தனை சோபாவில் உட்கார்ந்திருக்கின்றனவோ.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாதுகாப்பு தருமா? வங்கிக்குப் போகும் அந்தப் பத்து நிமிடம், பாக்கெட்டுக்குள் கை வைத்தபடி யாருக்கும் தெரியாமல் நிற்கலாம் என்பதில் தைரியம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட வெளியே எடுக்கும் தேவை வரவில்லை. நான் யாரையாவது சாகடித்திருக்கக்கூடிய ஒரே நாள் அந்தக் கொலு நாள். வீட்டில் வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ இருந்தால், விருந்துக்கு நிறையப் போகிறவர் என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். கடை நடத்துகிறவர்கள், ராத்திரி வேலைக்காரர்கள் உங்கள் நிலைமையை நீங்களே பாருங்கள், நான் யார் சொல்ல.

இப்போது அது படுக்கையறை அலமாரியில் நம்பர் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. எந்தக் கம்பெனி நல்லது, எவ்வளவு விலை என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள், பதில் போட மாட்டேன்.

2022 கொலுவுக்கு அந்த அம்மா மறுபடி வந்திருந்தார். சுண்டல் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "தம்பி, சாவியெல்லாம் இப்போ பத்திரமா வெச்சிருக்கீங்களா?" என்றார். வெச்சிருக்கேன் அம்மா என்றேன். இன்னும் கொஞ்சம் சுண்டல் போட்டார்.