செவ்வந்திக் கட்டிங்குகள் நாலு அங்குலத்திலேயே மொட்டு வைக்கின்றன. பூக்க விடாமல் வளர்ப்பது எப்படி?

இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேர் பிடித்த கட்டிங்கை, அதாவது தாய்ச்செடியில் எடுத்து வேர்விட வைத்த துண்டை, பாத்தியில் நட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் நுனியில் மொட்டு, உரம் போதவில்லையா என்பது கேள்வி. இதற்கு முன் பதில் சொன்னவர்களில் பாதிப்பேர் யூரியா போடச் சொல்லியிருக்கிறார்கள், மீதிப்பேர் ஏதோ ஒரு போத்தல் மருந்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யூரியா போட்டால் இலை கறுத்துத் தடிக்கும், மொட்டு மொட்டாகவே இருக்கும்.

செவ்வந்தி, இருட்டின் நீளத்தை வைத்தே வளர்வதா பூப்பதா என்று முடிவெடுக்கிற செடி. தண்டோடு வெட்டி விற்கிற பெரும்பாலான வெட்டுப்பூ வகைகளுக்குப் பகல் சுமார் 13½ மணித்தியாலத்துக்குக் குறைந்தால் மொட்டு வளரத் தொடங்கிவிடும். நம்முடைய மலைநாடு கிடப்பது வட அகலக்கோடு 7 பாகையில். ஜூன் மாதத்தில்கூட நமக்குப் பகல் பன்னிரண்டரை மணித்தியாலம்தான், டிசம்பரில் பன்னிரண்டுக்கும் குறைவு. அதாவது வருஷம் முழுக்க இங்கே செவ்வந்திக்குப் பூக்கிற காலம்தான். நெதர்லாந்துக்காரன் கோடையில் பூ எடுக்கக் கறுப்புத் துணி போட்டு மூடுகிறான். நமக்குத் தலைகீழ்: வளர வைப்பதற்கு வெளிச்சம் போட வேண்டும்.

வெளிச்சம் என்றதும் ஊதா நிற 'குரோ லைட்' வாங்க ஓடவேண்டாம். இது செடிக்குச் சாப்பாடு போடுகிற வெளிச்சம் இல்லை, நீண்ட இருட்டை நடுவில் உடைக்கிற வெளிச்சம் மட்டும்தான். இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை, இலை மட்டத்தில் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) கிடைத்தால் போதும். 9 வாட் எல்இடி பல்பை செடி நுனிக்கு மேலே 1.2 மீட்டர் உயரத்தில், 1.5 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டினால் நாலடி அகலப் பாத்திக்கு அது கிடைக்கும். செடி வளர வளரக் கம்பியையும் உயர்த்துங்கள். வோர்ம் வைட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளைப் பல்பு வாங்குங்கள். இந்த வேலையைச் செய்வது சிவப்பு வெளிச்சம், நீலங்கலந்த பகல் வெள்ளைப் பல்பில் அது குறைவு. பழைய குண்டு பல்பும் வேலை செய்யும், ஆனால் கரண்டைத் தின்னும், தண்டையும் நோஞ்சானாக இழுத்துவிடும்.

10 மீட்டர் பாத்திக்கு 7 பல்பு, 63 வாட். நாலு மணித்தியாலத்துக்குக் கால் யூனிட், மாதத்துக்கு ஏழெட்டு யூனிட். அதுவும் கனம் என்றால் தொடர்ந்து எரிக்கத் தேவையில்லை. அந்த நாலு மணித்தியாலத்துக்குள் 15 நிமிஷம் எரிந்து 15 நிமிஷம் அணைகிற மாதிரி வைத்தாலும் செடி ஏமாந்துவிடும், செலவு பாதியாகும். கரண்ட் பில் கட்டுகிறவனுக்கு இந்தப் பாதியும் பெரிசுதான்.

டைமர் விஷயத்தில் கவனம். கடையில் மலிவாகக் கிடைப்பது சுற்றிவர 96 பல் உள்ள வட்ட டைமர், ஒரு பல் 15 நிமிஷம். கரண்ட் போனால் அதன் மணிக்கூடும் நின்றுவிடும். ஒரு மணித்தியாலம் கரண்ட் போனால் அன்றிலிருந்து வெளிச்சம் 11 மணிக்குத்தான் தொடங்கும். மலையில் மழை, மின்னல், கம்பியில் மரம் என்று சில்லறையாகப் போவதெல்லாம் சேர்ந்து ஏழு மணித்தியாலம் பின்தங்கிவிட்டால், பல்பு எரியத் தொடங்குவது விடியற்காலை 5 மணிக்கு. மாலை ஆறேகாலிலிருந்து 5 மணிவரை, பத்தே முக்கால் மணித்தியாலம் உடையாத இருட்டு. நீங்கள் தூங்கப் போகும்போது பல்பு எரிகிறதா என்று பார்ப்பதில்லை, காலையில் பார்த்தால் எரிகிறது, 'லைட் போட்டும் பூக்கிறதே' என்று எங்களிடம் கேட்பீர்கள். பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போன ஒவ்வொரு நாளும் முள்ளைத் திருத்துங்கள். ஒரு இரவு தவறினால் நட்டமில்லை. ஒரு வாரம் தொடர்ந்து தவறினால் நுனிக்குள் மொட்டு உருவாகிவிடும், பிறகு வெளிச்சம் போட்டுப் பலனில்லை.

இனித்தான் உங்கள் உண்மையான பிரச்சினை. நாலு அங்குலத்தில் மொட்டு வெளியே தெரிகிறது என்றால், அது பாத்தியில் உருவான மொட்டே இல்லை. தாய்ச்செடியிலிருந்து கட்டிங் எடுக்கும்போதே உள்ளே இருந்திருக்கிறது. பூக்கத் தொடங்கிய செடியிலிருந்து நுனி எடுத்தால், அது எத்தனை அழகாக வேர் விட்டாலும் தன் வயதை மறக்காது. ஆகவே வெளிச்சம் முதலில் வேண்டியது தாய்ச்செடிக்கு, அடுத்தது வேர் விடும் தட்டுக்கு, கடைசியாகத்தான் பாத்திக்கு.

எடுக்கிற நுனியைச் சோதிப்பது சுலபம். நல்ல நுனியில் புதிய இலைகள் எல்லாம் வெட்டு வெட்டாக, சாதாரண செவ்வந்தி இலை மாதிரியே இருக்கும். மொட்டு கருக்கொண்ட நுனியில் கடைசி இரண்டு மூன்று இலை ஓரவெட்டு இல்லாமல் நாடா மாதிரி ஒடுங்கியிருக்கும். விரலால் விரித்துப் பார்த்தால் நடுவில் ஊசித்தலை அளவு பச்சைக் குமிழ். அந்த நுனியைத் தட்டில் வைக்கவே வேண்டாம்.

வெளிச்சம் போட்டுவிட்டால் தாய்ச்செடி என்றைக்கும் பூக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கிள்ளாமல் விட்ட கிளை, இரவு முழுக்க வெளிச்சத்தில் நின்றாலும், வகைக்கு வகை வேறுபடும் ஒரு இலைக்கணக்கைத் தாண்டியதும் தானாகவே மொட்டு வைத்துவிடும். அதனால் தாய்ச்செடியில் நுனி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிங் தேவையில்லாத மாதத்திலும் கிள்ளி எறியுங்கள். நட்டு இரண்டு வாரத்தில், நாலைந்து புதிய இலை வந்ததும் முதல் கிள்ளு. பிறகு மூன்று நாலு வாரத்தில் முதல் கட்டிங். ஒவ்வொரு கிளையிலும் அடியில் இரண்டு இலையை விட்டு எடுத்தால் அந்தக் கணுக்களிலிருந்து அடுத்தது வரும். நாலைந்து மாதத்தில் தாய்ச்செடியைப் பிடுங்கிவிட்டு, அதன் நல்ல கட்டிங்கிலிருந்தே புதுத் தாயை உருவாக்குங்கள். 'நல்லாத்தானே நிற்குது' என்று இரண்டு வருஷம் வைத்திருப்பவர்களுக்குத்தான் குட்டை மொட்டு. உங்களிடம் இப்போது இருப்பதெல்லாம் பூத்த செடி என்றால் நுனியை மறந்துவிடுங்கள். பூ முடிந்ததும் ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிட்டு அன்றிரவே பல்பைக் கட்டுங்கள், மண்ணுக்குள்ளிருந்து வரும் பக்கக்கன்றுகளில் எடுங்கள். நாள் நீளத்தையே பொருட்படுத்தாமல் பூக்கிற குட்டைத் தோட்ட வகைகளும் உண்டு. அவற்றுக்கு வெளிச்சம் போட்டு நீளத்தண்டு எடுக்கப் பார்ப்பது வீண்.

தேயிலைத் தவறணையில் (நாற்றுமேடையில்) பழகிய கைகளுக்கு இங்கே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். தேயிலைக்கு நுனியை எறிந்துவிட்டு நடுத்தண்டை ஒரு இலை ஒரு கணுவாக நறுக்குவோம். செவ்வந்திக்கு நுனிதான் வேண்டும், இரண்டரை மூன்று அங்குலம். நடுத்தண்டில் எடுத்தால் வேர் தாமதம், செடி ஒன்றுபோல வராது. கத்தி வேண்டாம், விரலால் முறித்து எடுங்கள். டக்கென்று முறிந்தால் பதம், நாராக இழுபட்டால் முற்றிவிட்டது. கத்தியில் ஒட்டும் சாறு வழியாகச் செடியைக் குட்டையாக்கும் வைரோயிட் (வைரஸைவிடச் சிறிய கிருமி) நோய் ஒரு செடியிலிருந்து மற்றதற்குப் போகும். அது பிடித்த செடி பாதி உயரத்தில் நின்று, மற்றவற்றுக்கு ஒரு வாரம் முன்பே பூக்கும். பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் முந்திப் பூத்தால் வெளிச்சத்தைக் குறை சொல்லாமல் அதைச் சந்தேகியுங்கள். மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான்.

கீழ் இலைகளை எடுத்துவிட்டு, 0.1 சதவீத ஐபிஏ வேர்த்தூளில் அடியைத் தொட்டுத் தட்டிவிட்டு, கழுவி வடித்த தும்புத்தூளும் ஆற்றுமணலும் சரிபாதி கலந்த தட்டில் முக்கால் அங்குலம் ஆழத்தில் வையுங்கள். தூள் கூடினால் அடி கருகும். பாதி நிழல், மேலே பொலித்தீன் கூடாரம், மதிய வெயிலில் ஓரத்தைத் தூக்கிவிட வேண்டும். பண்டாரவளைச் சூட்டில் இரண்டு வாரத்துக்குள் வேர் வரும். நுவரெலியாவில் இரவுக் குளிருக்கு மூன்று வாரமும் ஆகும். வேர் அரை அங்குலம் வந்ததும் எடுத்து நட்டுவிடுங்கள். தட்டில் கிடந்து முற்றினாலும் மொட்டு வைக்கும். மாலை மூன்று மணிக்குப் பிறகு இலையில் தண்ணீர் படக்கூடாது. நம்முடைய குளிருக்கு வெள்ளைத் துரு நோய் சில மணித்தியால ஈரத்திலேயே பிடித்துவிடும். இலை மேலே மஞ்சள் புள்ளி, திருப்பினால் வெள்ளைக் கொப்புளம். அந்தத் தாய்ச்செடியில் ஒரு கட்டிங்கும் எடுக்காதீர்கள், வெளியே தெரியாமலே கூட வரும்.

பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் வந்து, கம்பியில் பல்பு கட்டுவதெல்லாம் ஒரு முறையா என்று எழுதுவார்கள். எழுதட்டும்.   

பாத்தியில் செடி ஓரடி உயரம் வந்ததும் பல்பை அணையுங்கள். அதற்குப் பிறகும் தண்டு நீளும், வகையைப் பொறுத்து 8 முதல் 10 வாரத்தில் பூ, குளிர் மாதங்களில் இன்னும் ஓரிரு வாரம். பக்கத்துப் பாத்தியில் பல்பு எரிகிறது என்றால் நடுவில் கறுப்புப் பொலித்தீன் கட்ட வேண்டும். தெருவிளக்கு படுகிற மூலை மட்டும் பூக்காமல் நிற்பதும் இதனால்தான்.

இப்போது மொட்டு வைத்திருக்கும் செடிகளை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மொட்டைக் கிள்ளிக் கிள்ளி நீளமாக்கப் பார்த்தால் புதர்தான் மிஞ்சும், வெட்டுப்பூத் தண்டு வராது. மண்ணோடு பெயர்த்து, ஆறு அங்குலச் சட்டிக்கு மூன்றாக நட்டு, சட்டிப்பூவாக விற்றுவிடுங்கள். பாத்தியைக் காலியாக்கிக்கொண்டு தாய்ச்செடிகளுக்குக் கம்பி இழுங்கள்.