வாசகர் கேள்வி பதில்: கையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, சந்தைக்குப் போவது எப்படி?

கேள்வி: மூத்தவனுக்கு இரண்டரை வயது, சின்னவளுக்கு ஐந்து மாதம். கணவருக்குக் கொழும்பில் வேலை. இரண்டு பேரையும் தனியே கூட்டிக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்வருவதற்குள் களைத்துவிடுகிறேன். பாதிச் சாமான் வாங்க மறந்தும் போகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தருமபுரம்

பதில்: மறதியை விடுங்கள், தங்கச்சி. முதலில் சுமையைக் கணக்குப் பாருங்கள். ஐந்து மாதப் பிள்ளை 6, 7 கிலோ இருக்கும். அதோடு 5 கிலோ அரிசி, ஒரு கிலோ மா, ஒரு கிலோ சீனி, இரண்டு தேங்காய் சேர்ந்தால் 15 கிலோவைத் தொடும். பிறகு மூத்தவனைப் பிடிக்கக் கை ஏது? ஒரு கை முழுநேரமும் அவனுக்குத்தான். மற்றக் கையில் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். அதற்குள் அடங்காத எதையும் பிள்ளைகளோடு போய் வாங்காதீர்கள்.

அரிசி, மா, சீனி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மாதம் ஒருமுறை போதும். பக்கத்துக் கடைக்கோ சங்கக்கடைக்கோ முதல்நாள் பின்னேரமே பட்டியலைச் சொல்லிக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். தெரிந்த ஓட்டோக்காரர் கொண்டுவந்து இறக்குவார். இறக்கியவுடன், அவர் நிற்கும்போதே, பட்டியலோடு சரிபாருங்கள். மரக்கறியும் மீனும் படலையடிக்கு மோட்டார்சைக்கிளில் வருகிற இடமென்றால் அதையும் அங்கேயே முடிக்கலாம்.

சந்தைக்குப் போக வேண்டிய நாளில் வெள்ளனவே வெளிக்கிட்டு 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் ஏறினால் இரண்டும் சேர்ந்து அழும். புறப்படுகிற நேரம் சின்னவளுக்குப் பால் கொடுங்கள். மூத்தவனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து, சலம் போகவைத்துக் கூட்டிப்போங்கள். பசியோடு போன பிள்ளைதான் கடையில் கண்டதெல்லாம் கேட்டு உருளும்.

சின்னவளை நெஞ்சோடு சேர்த்து, நிமிர்ந்தபடி கட்டுங்கள். துணிக்குள் வளைத்துக் கிடத்தினால் நாடி நெஞ்சில் அழுந்தி மூச்சு அடைபடும், கவனம். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரம், முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும், முழங்கால் இரண்டும் இடுப்பைவிடச் சற்று மேலே. வெயிலுக்காக முகத்தைத் துணியால் மூடாதீர்கள், உள்ளே சூடு தேங்கும். அகல விளிம்புத் தொப்பி போதும். கட்டுவதை வீட்டில் பாய்க்கு மேலே இருந்தபடி நாலைந்து தரம் பழகிவிட்டுப் போங்கள். இப்படிக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியோ சைக்கிளோ ஓடவே கூடாது.

ஓட்டோவில் மூத்தவனை அடைப்புள்ள பக்கம் இருத்துங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி, பிறகு அவனை இறக்குங்கள். அவனுக்குப் பளிச்சென்ற நிறச் சட்டை போட்டு, முன்கையில் பேனையால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள். கறிவேப்பிலைக் கட்டைப் பிடிப்பது அவன் வேலை என்று கொடுத்தால் கை சும்மா இராது, மற்றவர் சாமானை இழுக்கவும் மாட்டான். கடைக்காரர் அன்பாகக் கொடுக்கிற டொபியையும் கச்சானையும் வாங்கி உங்கள் பைக்குள் வையுங்கள். இந்த வயதில் அவை தொண்டையில் இறுகலாம். வாழைப்பழம் கையோடு இருந்தால் அழமாட்டான்.

பட்டியலைக் கடைகள் வரும் ஒழுங்கில் எழுதுங்கள். மறதி அதோடு பாதி போகும். காசைச் சில்லறையாக்கி இடுப்புப் பைக்குள் வையுங்கள். ஐயாயிரம் தாளை நீட்டி மிச்சக் காசு எண்ணுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் பிள்ளை கை நழுவும். மீன் கடைசியாக. 32 பாகைக்கு மேல் வெக்கையென்றால் ஐஸ் இல்லாத மீன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது.

கேள்வி: கிளினிக் போகிற நாளிலேயே சந்தையையும் முடிக்கலாமா? ஒரே பஸ் செலவாகும்.
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நிறை பார்க்கிற நாளென்றால் தாராளமாக. தடுப்பூசி நாளில் வேண்டாம். 2, 4, 6 மாத ஊசிகளுக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட தொடை நோகும், அந்தக் காலைச் சந்தைக் கூட்டத்தில் யாரும் இடித்தால் துடித்துப்போகும். கிளினிக்கில் இருத்திப் பார்க்கச் சொல்லும் நேரம் முடியும்வரை இருந்துவிட்டு நேரே வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி: வெயிலில் கைக்குழந்தைக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோகலாமா?
- வாசகி, மல்லாவி

பதில்: ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் தேவையில்லை, வெக்கையிலும் தாய்ப்பாலே போதும், அடிக்கடி கொடுங்கள். அந்தப் போத்தலை உங்களுக்கு நிரப்பிக் கொண்டுபோங்கள்.