வாடகை ஏற்றம்: சென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அக்ரிமென்ட் முடிகிற மாதத்தில்தான் பலரும் கேள்வி அனுப்புகிறார்கள். வீடு பார்க்கும்போதே கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது. அதனால் புதிதாக வீடு தேடுகிறவர்களின் கேள்விகளையும் இம்முறை சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

மடிப்பாக்கம் வாசகர்: இப்போது வாடகை 18,000. அடுத்த மாதம் அக்ரிமென்ட் முடிகிறது. 21,000 தருவதானால் இருங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்கிறார் ஓனர். இவ்வளவுதான் ஏற்றலாம் என்று சட்டம் இல்லையா?

இல்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகையும் அதன் உயர்வும் இரு தரப்பும் எழுதிக்கொண்ட அக்ரிமென்ட்டைப் பொறுத்தவை. ஆகவே முதலில் உங்கள் அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்கும்போது 5 சதவீதம் என்று ஒரு வரி இருந்தால் 18,900 தான் கணக்கு. அதைக் காட்டியே பேசலாம்.

அப்படி ஒரு வரி இல்லையென்றால் கணக்குப் போட்டுப் பேச வேண்டியதுதான். அவர் கேட்பது கிட்டத்தட்ட 17 சதவீதம், வருடத்துக்கு 36,000 கூடுதல். ஆனால் நீங்கள் போன பிறகு வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே அவருக்கு 18,000 போய்விடும்; பெயின்ட், குழாய் ரிப்பேர் தனி. உங்களுக்கும் வீடு மாறுவது சும்மா முடியாது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்டிங் என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் ஒரு மாதம், வேன் கூலி எல்லாம் சேர்ந்தால் 40,000-ஐத் தாண்டும். "19,000 தருகிறேன், அடுத்த முறையும் 5 சதவீதம்தான் என்று இப்போதே எழுதிக்கொள்வோம்" என்று நிதானமாகக் கேளுங்கள். தேதி தவறாமல் வாடகை தருபவரை அனுப்பிவிட ஓனர்களுக்கு லேசில் மனசு வராது. பேசிப் பேசி 20,000-இல் வந்து நின்றாலும், மாறுவதைவிட இந்த வருடத்துக்கு அது லாபம்.

கொளத்தூர் வாசகி: வாடகையைக் கண்டபடி ஏற்றாத ஓனர் என்று வீடு பார்க்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எல்லோரும் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். முன்பு இருந்தவர் எத்தனை வருடம் இருந்தார், ஏன் போனார் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தாறு வருடம் இருந்துவிட்டு, சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார் என்றால் அது நல்ல வீடு. வருடத்துக்கு ஒரு குடித்தனம் மாறுகிறது என்றால் என்ன காரணம் என்று துருவுங்கள். ஓனர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். எதிர்ப் போர்ஷன்காரர், வாட்ச்மேன், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் என மூன்று பேரிடம் பேச்சுக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும். இஸ்திரி போடுபவருக்கு அந்தத் தெருவில் யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

ஓனரின் நிலைமையையும் பாருங்கள். கடன் முடிந்து, கீழ்வீட்டிலேயே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடும் ஓய்வுபெற்றவர்கள் பெரும்பாலும் நல்ல குடித்தனத்தைத்தான் தேடுவார்கள். ஆயிரம் ரூபாய்க்காக ஆளை மாற்ற மாட்டார்கள். முதலீட்டுக்கென்று புது ஃபிளாட் வாங்கி மாதாமாதம் இஎம்ஐ கட்டுபவர் அப்படி இருக்க முடியாது. ஓனர் வெளிநாட்டில் இருந்து, வீட்டை ஒரு புரோக்கர் பார்த்துக்கொள்கிறார் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஆள் மாறினால் அவருக்குக் கமிஷன் உண்டு.

லிஃப்ட், ஜிம் இல்லாத ஆறு வீடு, எட்டு வீடு கொண்ட பழைய அடுக்ககங்களைத் தேடுங்கள் என்பது என் யோசனை. பெரிய வளாகம்தான் வேண்டுமென்றால், ஒரே வளாகத்தில் ஏழெட்டு வீடு காலியாக இருக்கும் இடமாகப் பாருங்கள். பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கும்.

போரூர் வாசகர்: ஒரு வீடு 17,000, ஆனால் ஒவ்வொரு 11 மாதத்துக்கும் 10 சதவீதம் ஏறுமாம். இன்னொன்று 18,000, 5 சதவீதம். எது நல்லது?

ஒரே ஒரு 11 மாதம்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் 17,000. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு நான்கு வருடம் இருக்க நினைத்தால் 18,000. முதல் வீடு 17,000, 18,700, 20,570, 22,627 என்று போகும். இரண்டாவது 18,000, 18,900, 19,845, 20,837. மூன்றாவது அக்ரிமென்ட்டிலேயே முதல் வீடு முந்திவிடுகிறது. 44 மாதத்தைக் கூட்டினால், தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் மலிவாகத் தெரிந்த வீட்டுக்குச் சுமார் 14,500 அதிகம் கொடுத்திருப்பீர்கள்.

பெரும்பாக்கம் வாசகி: வாடகையை ஏற்றவில்லை. ஆனால் மெயின்டனன்ஸ் 1,500-இலிருந்து 2,800 ஆகிவிட்டது. கேட்டால் தண்ணி லாரி என்கிறார்கள்.

இதுவும் வாடகை ஏற்றம்தான். அசோசியேஷனின் ரசீதைக் கேளுங்கள். லாரித் தண்ணீர்ச் செலவு உண்மையாகவே ஏறியிருந்தால் அதில் தெரியும். அடுத்த அக்ரிமென்ட்டில் 'மெயின்டனன்ஸ் உட்பட' என்று ஒரே தொகையாக எழுதிவிடுங்கள். கரன்ட்டையும் பாருங்கள். தனி இபி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். சப்-மீட்டர் வைத்து ஓனர் யூனிட் கணக்கில் வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. வாடகையில் ஐந்நூறு குறைந்த வீடு இப்படியே ஐந்நூறு கூடிய வீடாகிவிடும்.

பெரம்பூர் வாசகர்: லீசுக்குப் போனால் ஏற்றத் தொல்லையே இருக்காதே?

இருக்காது. மாத வாடகைக்குப் பதில் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்குவதுதானே லீசு. ஆனால் அதுவரை மொத்தப் பணமும் ஓனர் கையில் இருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் அந்த லீசே வேண்டாம். கடனுக்காக வங்கி வீட்டை எடுத்தால் உங்கள் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீசைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள், பணத்தை வங்கி மூலமாகவே கொடுங்கள்.

அம்பத்தூர் வாசகி: வாடகையைக் கூட்டித் தராததால் தண்ணீர் மோட்டாரை நிறுத்தி வைக்கிறார் ஓனர். என்ன செய்வது?

தகராறு எதுவானாலும் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்த ஓனருக்கு உரிமை கிடையாது. சட்டம் இதைத் தெளிவாகத் தடுக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அக்ரிமென்ட்டை அந்த அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கி இருக்கும். 11 மாத அக்ரிமென்ட்டுக்கும் இந்தப் பதிவு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மோட்டார் நின்ற தேதி, நேரம், ஓனர் அனுப்பிய வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பழைய தொகையை வழக்கமான தேதியில் அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.