ஐம்பதாயிரம் பார்வை, ஒரு வாசகர்கூட இல்லை

சமையல் வலைப்பூ எழுதுகிறேன். 'ஒரே மாதத்தில் 50,000 பார்வை, எல்லாம் உண்மையான வாசகர்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் உறுதி சொன்னார். ரூ. 4,500 அனுப்பினேன். எண்ணிக்கை ஏறியது. மூன்றாவது வாரம், வலைப்பூவில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கை முடக்கிவிட்டார்கள். — வாசகி, கரூர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது அம்மா. சில வருடங்களுக்கு முன் நானும் இதே சரக்கை வாங்கினேன். 10,000 பார்வைக்கு ரூ. 2,000. மறுநாள் ப்ளாக்கரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால், தரையோடு ஓடிக்கொண்டிருந்த கோடு விடியற்காலை மூன்று மணிக்கு செங்குத்தாக எழும்பி, நான்கு மணிக்குத் திரும்ப விழுந்திருந்தது. வந்தவர்கள் எல்லாம் தமிழே புழங்காத நாடுகளிலிருந்து. எல்லோரும் திறந்தது ஒரே பக்கம். பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை. அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஆள் கிடையாது. ஒரு நிரல் உங்கள் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுகிறது. யார் திறந்தார்கள், படித்தார்களா என்பதெல்லாம் எண்ணிக்கைக்குத் தெரியாது. பக்கம் திறந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் விளம்பரம் இருந்தால் விளம்பரதாரரின் காசு போகிறது. அதனால்தான் ஆட்சென்ஸ் இப்படி வரும் பார்வைகளைச் செல்லாதவை என்று கழித்து, கணக்கையும் முடக்குகிறது. விற்றவருக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தே ஒரு வீட்டுப் பெண்ணின் சிறு வருமானத்தில் கை வைத்திருக்கிறார்.

முடக்கத்துக்கு மேல்முறையீட்டுப் படிவம் இருக்கிறது. பார்வை வாங்கியதை மறைக்காமல் எழுதுங்கள். பணத்துக்கு, 'உண்மையான வாசகர்கள்' என்ற அந்தச் செய்திதான் உங்கள் ஆதாரம். அதையும் பணம் அனுப்பிய யுபிஐ எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். 'இது வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

யூடியூபில் விளம்பரம் கொடுத்துப் பார்வை வாங்கினால், விளம்பர வருமானம் பெறக் காட்ட வேண்டிய 4,000 மணி நேரப் பார்வைக் கணக்கில் சேருமா? — வாசகர், தேனி

சேராது.

வீட்டிலேயே எண்ணெய் பிழியும் மெஷினை ஒரு பதிவர் புகழ்ந்திருந்தார். மூன்று லட்சம் பார்வை இருந்ததால் நம்பி ரூ. 18,000-க்கு வாங்கினேன். இரண்டே மாதத்தில் மோட்டார் புகைந்தது. காசு வாங்கிக்கொண்டு எழுதினாராம். — வாசகர், திண்டுக்கல்

மோட்டாருக்கு விற்றவர் பொறுப்பு. பில், வாரண்டி அட்டையோடு முதலில் எழுத்தில் கேளுங்கள்.

பதிவர் விஷயம் தனி. காசோ, இலவசப் பொருளோ, பயணச் செலவோ வாங்கியிருந்தால் அதைப் பார்த்ததும் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் நெறிமுறை கொண்டுவந்தது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் தனிக் கையேடே வந்தது. இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஒளித்து வைத்தால் செல்லாது. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. ஒரு வருடம் எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம். அந்தப் பதிவு அழிக்கப்படுவதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள்.

என் வலைத்தளத்தை பிரபலமாக்க ரூ. 25,000 முன்பணம் கொடுத்தேன். ரசீது இல்லை, கம்பெனி பெயரும் தெரியாது. பாஸ்வேர்டு கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது போனை எடுப்பதில்லை. — வாசகர், சென்னை

பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதினீர்களா? இல்லையென்றால் இதற்கு மேல் படிக்காமல் முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பெயர் தெரியாத ஆளிடம் பணமும் சாவியும் கொடுக்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன்!

ஒரு கம்பெனி கட்டுரைக்கு ரூ. 1,500 தருகிறது. தங்கள் தளத்துக்கு இணைப்பு தர வேண்டும், 'விளம்பரம்' என்று போடக் கூடாது என்கிறார்கள். வாங்கலாமா? — வாசகி, நாகர்கோவில்

வேண்டாம். காசு வாங்கிய இணைப்பின் நிரலில் 'ஸ்பான்சர்ட்' (sponsored) என்ற குறிப்பைச் சேர்க்கச் சொல்லி 2019-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. மறைத்தால் தேடலில் உங்கள் தளம்தான் பின்னுக்குப் போகலாம், அந்தக் கம்பெனி வேறு வலைப்பூ பார்த்துக்கொள்ளும். 'விளம்பரம் என்று மேலேயே போடுவேன், சம்மதமா?' என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். சரி என்றால் வாங்குங்கள்.