உதவி வகுப்புக்கு யாரும் வரவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி. செய்கிறேன். முதலாண்டு கால்குலஸுக்கு (நுண்கணிதம்) டிஏ-வாகவும், அதாவது பேராசிரியருக்குக் கற்பித்தல் உதவியாளராகவும் இருக்கிறேன். என் பிரிவில் முப்பது பேர். அவர்களில் ஆறு பேர் கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்கள். எல்லோரும் பொறியியல் படிக்க வந்தவர்கள். முதல் மிட்டெர்ம் முடிந்ததும் இரண்டு பேர் பாடத்தையே விட்டுவிட்டார்கள். மற்ற நால்வருக்காக வெள்ளிக்கிழமை மாலை உதவி வகுப்பு வைத்தேன். ஒருவர்கூட வரவில்லை. ‘பள்ளியிலேயே அடித்தளம் சரியில்லை, நீ என்ன செய்ய முடியும்?’ என்கிறார் சக டிஏ ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் எங்கே தவறினேன்?

ர.

அன்புள்ள ர.,

வகுப்பு வைத்ததில் தவறே இல்லை. அதை உதவி என்று அறிவித்தீர்களே, அங்குதான் கதவு சாத்திக்கொண்டது.

உங்கள் நண்பர் சொன்னதைத்தான் 1970களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் தோற்பதற்குக் காரணமாகச் சொன்னார்கள். ஆர்வம் போதாது, அடித்தளம் போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை, பணம் இல்லை. யூரி ட்ரைஸ்மன் அப்போது அங்கே ஆய்வு மாணவர். இந்தக் காரணங்களை அப்படியே ஏற்காமல், இருபது கறுப்பின மாணவர்களும் இருபது சீன அமெரிக்க மாணவர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சொல்லப்பட்ட காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் தங்கள் பள்ளிகளில் முதல் வரிசையில் இருந்தவர்கள். ஆசிரியர் சொன்ன நேரம் முழுக்க உட்கார்ந்து படித்தார்கள். ஆனால் இருபதில் பதினெட்டுப் பேர் வகுப்புத் தோழர் யாருடனும் சேர்ந்து படித்ததே இல்லை. சீன மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டு, மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கணக்கு ஒருவருக்கும் வரவில்லை என்றால், அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? தனக்கு மூளை போதவில்லை என்றுதான் நினைப்பான். கல்லூரி முதலாண்டில் விடுதி அறையில் ஒரே கணக்கோடு மூன்று இரவுகள் உட்கார்ந்து நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த உணர்வு ஒருவனை எவ்வளவு சீக்கிரம் படிப்பைவிட்டு வெளியே தள்ளும் என்று எனக்குத் தெரியும்.

ட்ரைஸ்மன் தொடங்கிய பயிலரங்கில் எளிய பயிற்சிகளுக்கு இடமில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்காரவைத்தார். நீங்கள் திறமையானவர்கள் என்று சொல்லித்தான் அழைத்தார். வந்தார்கள், முன்னேறினார்கள். பள்ளியில் முதலாவதாக வந்த ஒருவர் பலவீனர்களுக்கான வகுப்பு என்று தெரிந்தும் அந்த அறைக்குள் எப்படி நுழைவார்?

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாகத்தில் அறிவியல், பொறியியல் படிக்கும் கறுப்பின மாணவர்களுக்காக 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டமும் இதே வழியில் போகிறது. பின்னாளில் அந்த வளாகத்தின் தலைவரான ஃப்ரீமன் ராபௌஸ்கி அதை வளர்த்தெடுத்தார். கல்லூரி தொடங்கும் முன்பே கோடையில் மாணவர்களை ஒன்றாகத் தங்கவைத்துப் படிக்கவைக்கிறார்கள். அடிப்படைப் பாடத்தில் ‘சி’ கிரேடு வாங்கினால் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். அதில் தண்டனை எதுவும் இல்லை, அடுத்த பாடத்துக்கான தயாரிப்பு அது. 1996 முதல் எல்லா இனத்தவரையும் சேர்க்கிறார்கள். நீங்களும் முப்பது பேருக்கும் கதவைத் திறந்துவையுங்கள். அந்த நால்வரை மட்டும் தனியே பொறுக்கி உட்காரவைத்தால் பழைய முத்திரைதான் திரும்ப விழும்.

தனி வகுப்புக்குப் பதில், டிஏ-வாக நீங்கள் வாராவாரம் நடத்தும் டிஸ்கஷன் வகுப்பையே இப்படி மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். பல மாணவர்கள் மாலையில் வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளி மாலை அவர்களுடையது அல்ல. 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களே கணக்குப் போட்டும் விவாதித்தும் கற்கும் வகுப்புகளில் 21.8. 2020-இல் வந்த இன்னொரு தொகுப்பு, இத்துறைகளில் குறைவாகவே இடம்பெறும் பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தேர்ச்சியில் உள்ள இடைவெளி இப்படிப்பட்ட வகுப்புகளில் 45 சதவீதம் சுருங்கியதைக் காட்டியது. நீங்கள் கரும்பலகையில் போட்டுக்காட்டும் ஐம்பது நிமிடத்தில் முப்பத்தைந்தை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பொது மின்னஞ்சல் போதாது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர் விடைத்தாளில் நீங்கள் ரசித்த ஒரு வரியைச் சொல்லுங்கள். பொய்யாகச் சொல்லாதீர்கள், தேடினால் நிச்சயம் கிடைக்கும். பாடத்தை விட்ட அந்த இருவருக்கும் எழுதுங்கள். அடுத்த செமஸ்டரில் கால்குலஸ் மறுபடியும் இருக்கிறது.