புரியாத மொழியில் ஷேக்ஸ்பியர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் புடாபெஸ்டில் இருக்கிறேன். ஜூலா என்ற சிறிய ஊரில், கோட்டை முற்றத்தில், ஜூலை மாதம் ஷேக்ஸ்பியர் விழா நடக்கிறது, வா என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஹங்கேரிய மொழியில் வணக்கம், நன்றி தவிர ஒன்றும் தெரியாது. புரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது வெறும் பந்தா இல்லையா? பேசாமல் வெந்நீர்க் குளம் எதிலாவது கிடக்கலாமே என்று தோன்றுகிறது. நீங்கள் அங்கே போனதாக எழுதியிருந்தீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.ஆர்., புடாபெஸ்ட்

அன்புள்ள எஸ்.ஆர்.,

வெந்நீர்க் குளமா நாடகமா என்ற சிக்கலே ஜூலாவில் கிடையாது. குளியல் வளாகம் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பகலெல்லாம் ஊறிவிட்டு ராத்திரி நாடகத்துக்கு வரலாம்.

போங்கள். ஆனால் என்ன நாடகம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். நகைச்சுவை என்றால் விட்டுவிடலாம். அது வசனத்தில் ஓடுவது; முற்றமே குலுங்கிச் சிரிக்கும்போது நீங்கள் மட்டும் திருதிருவென்று விழிப்பீர்கள். ‘மேக்பெத்’, ‘மூன்றாம் ரிச்சர்ட்’, ‘லியர்’ என்றால் யோசிக்காமல் டிக்கெட் வாங்குங்கள். போவதற்கு முன் நாடகத்தை முழுசாகப் படித்துவிடுங்கள், கதைச் சுருக்கம் போதாது. அங்கே இயக்குநர்கள் காட்சிகளை வெட்டுவார்கள், முன்பின் மாற்றுவார்கள், ராஜாவுக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிடுவார்கள். எந்தக் காட்சி ஓடுகிறது என்று பிடிபடாவிட்டால் மிச்ச நேரம் கொட்டாவிதான். நம்மூர்க் கூத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவரும் கதை தெரிந்துகொள்ளவா வருகிறார்?

ஷேக்ஸ்பியரிடம் ஹங்கேரியர்களுக்கு அவ்வளவு உரிமை. ‘லியரை’ வொரொஷ்மார்ட்டியும் ‘கோரியொலேனஸை’ப் பெட்டோஃபியும் ‘ஹாம்லெட்டை’ யானோஷ் அரன்யும் மொழிபெயர்த்தார்கள். மூவரும் 19ஆம் நூற்றாண்டின் முதல் வரிசைக் கவிஞர்கள். அப்புறம் ஷேக்ஸ்பியர் எப்படி அயலாராக இருப்பார்?

இந்தக் கோட்டை அரங்கு 1964இல் தொடங்கியது, ஷேக்ஸ்பியர் விழா 2005இல். நிரந்தரக் குழு வைத்திருக்கும் பெரிய அரங்குகள் கோடையில் மூடிவிடும். அந்த நடிகர்கள் இதுபோன்ற திறந்தவெளி மேடைகளுக்கு வந்துவிடுவார்கள். புடாபெஸ்டில் பின்வரிசையிலிருந்து பார்க்கிற முகத்தை இங்கே கிட்டத்தில் பார்க்கலாம்.

கோட்டை 15ஆம் நூற்றாண்டின் செங்கல் கட்டடம். 1566இல் துருக்கியர் இரண்டு மாதம் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். 1695 வரை அவர்களிடமே இருந்தது. அரியணைக்கு அடித்துக்கொள்கிற நாடகத்துக்கு அங்கே தனியாக அரங்க அலங்காரம் எதற்கு? ஒரு குறை, ஜூலையில் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். முதல் காட்சிகளில் விளக்குகள் எடுபடாது, மேலே உழவாரன் குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு சுற்றும். இருட்டிய பிறகுதான் நாடகம் சூடு பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போன அன்று நடுவில் தூறல் விழுந்தது. பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்று யாரும் குடை விரிக்கவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தச் சரசரப்பில் வசனமே கேட்கவில்லை. மேடையில் இருந்தவர் பேச்சை நிறுத்தினார், சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றார், விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அன்று அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதற்குத்தான். பெருமழை வந்தால் என்ன ஏற்பாடு, வேறு நாளா உள்ளரங்கா என்பதை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். ஹங்கேரியர்கள் கைதட்டுவதே தனி அழகு. முதலில் சடசடவென்று தட்டுவார்கள், சற்று நேரத்தில் கூட்டம் முழுக்க ஒரே தாளத்தில் சேரும், பிறகு கலைந்து மறுபடி சேரும். ஹங்கேரி, ருமேனியா அரங்குகளில் இதைப் பதிவு செய்து 2000இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் தட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைப்பதால்தான் தாளம் கூடுகிறதாம். உற்சாகத்தில் வேகம் ஏறினால் உடைந்துவிடுகிறது. இதில் நீங்களும் தாராளமாகச் சேரலாம், மொழி வேண்டாம்.

மற்றபடி, புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்திலிருந்து பேகேஷ்சபா வழியாக ரயிலில் மூன்று மணி நேரம் போல ஆகும். ராத்திரி திரும்புவது நடக்காது, அறை போட்டுவிடுங்கள். ஸ்வெட்டரும் கொசுக் களிம்பும் கட்டாயம். ஜூலாவின் பன்றி சாசேஜ் பேர்போனது. சைவமென்றால் 1840இல் தொடங்கிய பழைய கேக் கடை ஒன்று ஊருக்குள் இருக்கிறது, நாடகத்துக்கு முன்பே போய்விடுங்கள்.