சஃபாரிக்குப் பிறகு எந்தத் தீவு, எந்தக் கரை?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் கணவர், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன், 66 வயது மாமியார் ஆகியோருடன் தான்சானியா போகிறோம். செரங்கெட்டி, கோரோங்கோரோவில் ஆறு நாள். அதன்பின் நான்கு நாள் கடற்கரையில் ஓய்வெடுக்க ஆசை. பயண முகவர் மாலத்தீவு என்கிறார், கணவர் சான்சிபார் என்கிறார், எனக்கு சேஷெல்ஸ் மீது ஒரு கண். எதைத் தேர்ந்தெடுப்பது? கடற்கரையை முதலிலேயே முடித்துக்கொண்டால் என்ன? – செங்காங் வாசகி

பதில்: உங்கள் கணவர் பக்கம்தான் நான். சான்சிபார் மற்ற இரண்டையும்விட அழகு என்பதால் அல்ல, அது போகிற வழியிலேயே இருக்கிறது என்பதால். செரங்கெட்டியின் மண் ஓடுபாதையிலிருந்து சிறு விமானத்தில் ஏறினால், வடக்கே அருஷா நகரில் இறங்கி மாறினாலும், அன்றைக்கே சான்சிபாரில் கடலைப் பார்த்துவிடலாம். மாலத்தீவுக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் தோகா அல்லது துபாய்வரை மேலே ஏறி, மீண்டும் கீழே இறங்க வேண்டும். நான்கு நாள் ஓய்வில் ஒரு பகலும் ஓர் இரவும் விமான நிலையத்திலேயே கரைந்துவிடும். சாங்கியிலிருந்து நேரடி விமானத்தில் நாலரை மணி நேரத்தில் மாலே போய்ச் சேரலாம் என்னும்போது அதை ஆப்பிரிக்கப் பயணத்தோடு எதற்கு முடிச்சுப் போட வேண்டும்? ஒரு மார்ச் விடுமுறைக்கு எடுத்து வையுங்கள்.

சேஷெல்ஸ் பற்றி உங்கள் ஆசை புரிகிறது. விக்டோரியா நகரில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, உங்கள் மாமியார் மகிழ்ந்துபோவார். ஆனால் டிசம்பர், ஜனவரிதான் அங்கே மழை அதிகமாகப் பெய்யும் காலம். போகும் வழியும் சுற்று வழி.

விமானச் சீட்டு வாங்கும்போது அருஷாவுக்கு அருகிலுள்ள கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி, சான்சிபாரிலிருந்து ஊர் திரும்புவதுபோல் ஒரே சீட்டாகக் கேளுங்கள். வளைகுடா வழியாகப் பறக்கும் நிறுவனங்களில் இது கிடைக்கும். வந்த வழியே அருஷாவுக்குத் திரும்பும் திட்டத்தை முகவர் நீட்டினால் ஏற்க வேண்டாம்.

கடற்கரையை முதலில் வைக்காதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்கா நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால் இருக்கிறது. போய் இறங்கிய முதல் சில நாள்கள் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், நம் உடலுக்கு அது காலை எட்டு. கடற்கரை விடுதியில் அந்த நேரத்தில் எழுந்து என்ன செய்வது? சஃபாரியிலோ அது வரம். சிங்கமும் சிறுத்தையும் நடமாடும் நேரம் விடியல்தான், வண்டிகள் ஆறு மணிக்கே கிளம்பிவிடும். இரவு எட்டுக்கே கண் சொக்கும், கூடாரத்தில் அதற்குமேல் வேலையும் இல்லை. கடலுக்கு வரும்போது உடல் அந்த ஊர் நேரத்துக்குப் பழகியிருக்கும். தவிர, அந்தச் சாலைகளின் குலுக்கலை வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே ‘ஆப்பிரிக்க மசாஜ்’ என்பார்கள். மாமியாரின் முதுகுக்கு அதன் பிறகுதான் ஓய்வு தேவைப்படும். போகும்போது சாலை வழியாகச் செல்லுங்கள், திரும்பும்போது விமானத்தில் வாருங்கள்.

தேதியையும் கவனியுங்கள். நவம்பரில் தொடங்கும் குறுமழை டிசம்பர் நடுவில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதே சமயம் காட்டு மாட்டு (வில்டபீஸ்ட்) மந்தைகள் தெற்குச் சமவெளிக்கு, டூட்டு பக்கம், வந்து சேரத் தொடங்கும். ஆகவே கூடாரத்தைத் தெற்கில் கேளுங்கள். படங்களில் பார்ப்பதுபோல் மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரை நடப்பது. டிசம்பரில் அதைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்ட வேண்டாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் விலை ஏறிவிடும், அதற்குள் ஊர் திரும்புவது நல்லது.

சான்சிபாரில் எந்தக் கரை என்பதுதான் உண்மையான கேள்வி, முகவர்கள் சொல்லாமல் விடுவதும் அதைத்தான். கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி போன்ற ஊர்களின் படங்கள் மயக்கும். ஆனால் அங்கே கடல் ஆழமற்ற பவளத்திட்டின் மேல் கிடக்கிறது. வற்றும்போது தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிடும். அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் இறங்கிக் கடற்பாசி அறுவடை செய்வதைப் பார்ப்பது தனி அனுபவம்தான், ஆனால் நீந்த முடியாது. நடந்து போனால் கடல் முள்ளெலி காலில் குத்தும், ரப்பர் செருப்பு அவசியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டர்வரை வேறுபாடு இருக்கும். மாமியாரிடம் இராசிபலன் நாள்காட்டி இருந்தால் முன்பதிவுக்கு முன் அதை வாங்கிப் பாருங்கள், இதற்கு அது போதும்.

வடமுனையில் நுங்விக்கும் கெண்ட்வாவுக்கும் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே கரை சட்டென்று ஆழமாவதால் நாள் முழுவதும் நீந்தலாம். பையனுக்காக நான் கெண்ட்வாவைச் சொல்வேன். நுங்வியில் கூட்டமும் இரவு இசையும் சற்று அதிகம். நான்கு இரவையும் ஒரே விடுதியில் கழியுங்கள், பாதியில் பெட்டி கட்டுவது ஓய்வாகாது. சான்சிபாரின் பழைய நகரான ஸ்டோன் டவுனுக்கு ஒரு பகல் போதும். அங்கே பெரும்பாலோர் முஸ்லிம்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை மரியாதை.

தடுப்பூசி விஷயத்தில் மாமியாரின் வயது முக்கியம். கென்யா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அங்கே தங்கிவிட்டு ஆறு நாளுக்குள் சிங்கப்பூர் வருபவர்களிடம் சான்றிதழ் கேட்கப்படும், 12 மணி நேரத்துக்கு மேல் விமான நிலையத்தில் காத்திருந்தாலும் அப்படித்தான். கென்யாவில் தங்கிவிட்டோ 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோ வருபவர்களிடம் தான்சானியாவும் அதைக் கேட்கும். அந்த ஊசியால் 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல். எனவே சீட்டு சில நூறு வெள்ளி மலிவாகக் கிடைத்தாலும் நைரோபி வழியைத் தவிர்த்துவிடுங்கள். பட்டியல்கள் மாறக்கூடியவை, பணம் கட்டுமுன் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

சிறு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பையும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். முஸ்தபாவில் துணிப் பைகள் வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பும் கருநீலமும் கடிக்கும் செட்சே ஈக்களை ஈர்க்கும், அந்த நிற உடைகள் வேண்டாம். பேரங்காடிப் பிளாஸ்டிக் பைகளுக்குத் தான்சானியாவில் 2019 முதல் தடை. சான்சிபாருக்குள் நுழைய அரசுக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், 2024 அக்டோபர் முதல் பெரியவர்களுக்கு 44 அமெரிக்க டாலர். இங்கே எடுத்த பயணக் காப்பீடு அதற்கு ஈடாகாது, ஆனாலும் அதையும் விட்டுவிடாதீர்கள்.

கணவர் ஆழ்கடலில் முக்குளிப்பவர் என்றால், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் உயரத்தில் இரத்தத்தில் வாயுக் குமிழ்கள் உண்டாகலாம். சுமார் 2,300 மீட்டர் உயரமுள்ள கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்புக்குக் கடலிலிருந்து உடனே ஏறுவதும் அதே ஆபத்துதான். கடற்கரை கடைசியில் வர அது இன்னொரு காரணம்.

மலேரியா மாத்திரை பற்றி டான் டோக் செங் மருத்துவமனையின் பயணிகள் மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ ஆறு வாரத்துக்கு முன்பே பேசுங்கள். கடற்கரையில் முடியும் பயணம் என்பதையும் சொல்லுங்கள். டாக்சிசைக்கிளின் எடுப்பவர்களுக்கு வெயிலில் தோல் எளிதில் வெந்துவிடும், ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். அடோவகுவோன்–புரோகுவானில் விலை கூடுதல், ஆனால் திரும்பிய பின் ஏழு நாளோடு முடியும். சஃபாரி முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சிங்கப்பூர் திரும்பிய பிறகு சில மாதங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் டெங்கி என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், தான்சானியா போய் வந்ததை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.